மூன்று கட்டு வீடு

"கம்ப்யூட்டர் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறது, அம்மா!"

இந்த வாக்கியத்தைக் கேட்காத குடித்தனம் இன்று தமிழ்நாட்டில் இருக்குமா என்பது சந்தேகம். பாங்கியில் கேட்டிருப்பீர்கள். காஸ் ஏஜென்சியில் கேட்டிருப்பீர்கள். ரேஷன் கடையில் விரல் ரேகை வைக்கும் கருவிக்கு முன்னால் நின்றுகொண்டு கேட்டிருப்பீர்கள். முன்பெல்லாம் "மானேஜர் ஒத்துக்கொள்ளவில்லை" என்பார்கள். மானேஜர் என்றால் அவருடைய சம்சாரத்தைக் கோயிலில் பார்த்து ஒரு வார்த்தை சொல்லி வைக்கலாம். கம்ப்யூட்டரின் சம்சாரத்துக்கு எங்கே போவது?

ஒரு சங்கதி. கம்ப்யூட்டர் என்று ஓர் ஆசாமி உள்ளே உட்கார்ந்து தலையை ஆட்டுவதாகத்தான் நாம் நினைத்துக்கொள்கிறோம். உள்ளே போய்ப் பார்த்தால் பல பேர் இருக்கிறார்கள். ஒருவர் நாம் சொல்வதைக் கேட்டுக்கொள்கிறார். ஒருவர் தீர்மானம் செய்கிறார். ஒருவர் பெட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டிருக்கிறார். மாட்டேன் என்றது அவர்களில் யார் என்று தெரிந்தால், மேற்கொண்டு எந்தக் கதவைத் தட்டுவது என்பதும் தெரிந்துவிடும். இந்த வாரம் அந்த வீட்டுக்குள் சற்று எட்டிப் பார்க்கலாம்.

தர்மபுரி ஜில்லா, பென்னாகரம் தாலுகாவில் ஏரியூர் என்று ஓர் ஊர். மேட்டூர் அணையின் தண்ணீர் பரந்து கிடக்கும் பகுதிக்குப் பக்கத்தில் இருக்கிறது. சிறிது தூரத்தில் உள்ள நாகமரையில் படகேறினால் அக்கரையில் சேலம் ஜில்லாவின் பண்ணவாடி. அந்தப் பக்கத்துக் காடுகரைகளில் ராகியும் நிலக்கடலையும் மழையை நம்பி விளைகின்றன. ஆண்பிள்ளைகள் பலர் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் பிழைக்கப் போகிறார்கள். அந்த ஏரியூரில் ஓர் அம்மாள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம். அவள் கதை எத்தனையோ பேருக்குப் பொருந்தும்.

2023-ஆம் வருஷம் ஜூலை 24-ஆம் தேதி, கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கு விண்ணப்பங்களைப் பதியும் முகாம்களை முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் தொடங்கி வைத்தார். தொடங்கிய இடம் இதே தர்மபுரி ஜில்லாவில் உள்ள தொப்பூர். குடும்பத் தலைவிக்கு மாதம் 1,000 ரூபாய் என்பது திட்டம். நம் அம்மாளும் முகாமுக்குப் போனாள். வரிசையில் நின்றாள். ரேஷன் அட்டை, ஆதார் அட்டை, பாங்கிப் புத்தகம், கரண்டு அட்டை எல்லாவற்றையும் மஞ்சள் பையிலிருந்து எடுத்துக் காட்டினாள். செப்டம்பர் 15-ஆம் தேதி காஞ்சிபுரத்தில் திட்டம் ஆரம்பமாயிற்று. பக்கத்து வீட்டுக்காரியின் கணக்கில் பணம் வந்தது. இவள் போனுக்கு வந்தது, விண்ணப்பம் ஏற்கப்படவில்லை என்ற குறுஞ்செய்தி. காரணம், வருஷத்துக்கு 3,600 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் செலவாகிறதாம்.

"என்னங்க தம்பி, எங்க வீட்டுல ரெண்டு பல்பு, ஒரு ஃபேன், ஒரு டி.வி. நான் எங்கே அவ்வளவு கரண்டு ஓட்டினேன்?" என்று இ-சேவை மையத்துப் பையனைக் கேட்டாள். பையன் நல்லவன்தான். "நான் என்னக்கா செய்யறது? கம்ப்யூட்டர் சொல்லுது" என்றான்.

இனி வீட்டுக்குள் போவோம்.

உங்களில் சிலராவது மூன்று கட்டு வீட்டில் வாழ்ந்திருப்பீர்கள். மற்றவர்கள் லீவுக்குப் பாட்டி ஊருக்குப் போனபோது பார்த்திருப்பீர்கள். முதல் கட்டில் திண்ணையும் கூடமும். வந்தவர் யாரானாலும் அதோடு சரி. இரண்டாம் கட்டில் பாட்டியின் தர்பார். மூன்றாம் கட்டில் பத்தாயம், குதிர், ஊறுகாய் ஜாடிகள். பக்கத்து வீட்டிலிருந்து நாலு படி அரிசி கைமாற்றாகக் கேட்டு ஆள் வருகிறது. கூடத்தில் விளையாடும் பேரன் அதைக் கேட்டுக்கொண்டு உள்ளே ஓடுகிறான். "போன மாசம் வாங்கின ரெண்டு படி திரும்பி வந்ததா?" என்கிறாள் பாட்டி. பிறகு மருமகளைப் பின்கட்டுக்கு அனுப்பி, எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து வரச் சொல்கிறாள். அவள் வந்து சொன்னதும் மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டு, "ரெண்டு படி கொடு" என்று உத்தரவாகிறது. பேரன் வாசலுக்கு வந்து அதையே சொல்கிறான்.

இதில் கவனியுங்கள். பேரன் பத்தாயத்தைத் திறக்கக் கூடாது. பத்தாயம், யாருக்குக் கொடுக்கலாம் யாருக்குக் கூடாது என்று யோசிக்காது. போட்டதை வைத்திருக்கும், கேட்டதைக் கொடுக்கும். பாட்டி வாசலுக்கு வரமாட்டாள். வந்தவனுக்கோ பேரனைத் தவிர வேறு யாரையும் தெரியாது.

பெரிய கம்பெனிகளுக்கும் சர்க்காருக்கும் எழுதுகிற மென்பொருள்கள் பெரும்பாலும் இந்த மூன்று கட்டு வீடுதான். நம் கண்ணில் படும் திரை, பொத்தான், படிவம் எல்லாம் முதல் கட்டு. விதிகள் எல்லாம் நடுக்கட்டு. பெயர், தேதி, தொகை என்று எழுதி வைத்த பேரேடுகள் பின்கட்டு. அந்தத் தொழிலில் இருப்பவர்கள் இவற்றை "லேயர்" என்பார்கள். அடுக்கு என்று நாம் சொல்லலாம். ஓர் அடுக்கு அடுத்த அடுக்கோடு மட்டும் பேச வேண்டும், நடுவில் ஒன்றைத் தாண்டிக்கொண்டு ஓடக் கூடாது என்பது அவர்களுடைய ஆசாரம். மூன்று கட்டும் ஒரே ஊரில் இருக்க வேண்டுமென்பதுகூட இல்லை. கூடம் ஏரியூரிலும் பத்தாயம் சென்னையிலும் இருக்கலாம்.

உரிமைத் தொகை விஷயத்தில் முகாமில் தன்னார்வலர் கைபேசியில் விவரங்களைப் பதிந்தார் அல்லவா, அது கூடம். நடுக்கட்டில் திட்டத்தின் விதிகள் இருந்தன. 21 வயது நிறைந்திருக்க வேண்டும். குடும்பத்தின் வருஷ வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். நஞ்சை ஐந்து ஏக்கருக்கும் புஞ்சை பத்து ஏக்கருக்கும் மேல் கூடாது. மின்சாரம் வருஷத்துக்கு 3,600 யூனிட்டைத் தாண்டக் கூடாது. சொந்தக் கார் கூடாது. ஒரு ரேஷன் அட்டைக்கு ஒரு பெண்மணி. பின்கட்டு பெரியது. ரேஷன் அட்டைக் கணக்கு, மின்சாரக் கணக்கு, நிலக் கணக்கு என்று ஒவ்வோர் இலாகாவும் வேறு வேறு காலத்தில், வேறு வேறு காரியத்துக்காகச் சேர்த்து வைத்தவை. வந்த விண்ணப்பங்கள் சுமார் 1 கோடியே 63 லட்சம். ஏற்றவை சுமார் 1 கோடியே 6 லட்சம். நேரிலும் போய் விசாரித்தார்கள். என்றாலும் இத்தனையையும் இரண்டு மாதத்துக்குள் மனிதர்கள் மட்டும் உட்கார்ந்து புரட்டியிருக்க முடியாது.

இப்படிக் கட்டுக் கட்டாகப் பிரிப்பானேன், ஒரே கூடமாகக் கட்டினால் என்ன என்று கேட்கலாம். ஆதியில் அப்படித்தான் கட்டினார்கள். எதை எழுதினாலும் திரையும் விதியும் கணக்கும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும், சிக்குப் பிடித்த தலை மாதிரி. ஓரிடத்தில் சீப்பை வைத்தால் வேறோரிடத்தில் வலிக்கும். 1968-இல் டிஜ்க்ஸ்ட்ரா என்ற டச்சுக்காரர் கம்ப்யூட்டரை இயக்கும் மென்பொருளை அடுக்கடுக்காக அமைத்துக் காட்டினார். கீழ் அடுக்கு சரியாக இருக்கிறது என்று நிச்சயப்படுத்திக்கொண்ட பிறகு மேல் அடுக்கை எழுப்புவது அவர் முறை. 1970-இல் ஐ.பி.எம். கம்பெனியைச் சேர்ந்த காட் என்பவர், தகவல் கேட்கிறவனுக்கு அது பெட்டியின் எந்த மூலையில் கிடக்கிறது என்று தெரிய வேண்டிய அவசியமே கூடாது என்றார். பத்தாயத்தைப் பற்றிய சாஸ்திரம் அவருடையது. அதே ஐ.பி.எம்.மிலிருந்து விலகிய ஐந்து பேர் 1972-இல் ஜெர்மனியில் ஆரம்பித்த கம்பெனி எஸ்.ஏ.பி. கொள்முதல், விற்பனை, சம்பளம், சரக்கு எல்லாவற்றையும் ஒரே குடும்பக் கணக்காக வைத்துக்கொள்ளும் மென்பொருளை அவர்கள் எழுதினார்கள். 1992-இல் அவர்கள் வெளியிட்ட ஆர்-3 என்பது அசல் மூன்று கட்டு வீடு. உலகத்துப் பெரிய ஆலைகளெல்லாம் அதில் குடி புகுந்தன. நம் சென்னையிலும் 1990-களில் ராம்கோ சிஸ்டம்ஸ் கம்பெனி "மார்ஷல்" என்ற பெயரில் இதே காரியத்துக்கு ஒரு மென்பொருளைக் கொண்டுவந்தது.

ஆலைக் கணக்கு நமக்கு எதற்கு? ரேஷன் சர்க்கரைக்கு வருவோம். 2017 நவம்பரில் ரேஷன் கடைச் சர்க்கரை கிலோ 13 ரூபாய் 50 காசிலிருந்து 25 ரூபாயாக ஏறியது நினைவிருக்கும். எல்லாருக்கும் ஏறவில்லை. அந்தியோதயா அட்டைக்காரர்களுக்கு மட்டும் பழைய விலையே என்றார்கள். தமிழ்நாட்டில் ரேஷன் கடைகள் முப்பதாயிரத்துக்கு மேல். விலையையும் இந்த விதிவிலக்கையும் ஒவ்வொரு கடையின் கருவிக்குள்ளும் தனித்தனியே எழுதி வைக்கும் ஏற்பாடாக இருந்தால், முப்பதாயிரம் கருவிகளையும் திறந்து திருத்த வேண்டும். நூறு கடைகளில் மறந்துபோகும். இருநூறு கடைகளில் தப்பாகத் திருத்துவார்கள். அப்புறம் சண்டைதான். விதி நடுக்கட்டில் ஓரிடத்தில் இருந்தால், அங்கே ஒரு வரியை மாற்றினால் போதும். பாட்டி ஒரு வார்த்தை சொன்னால் வீடு முழுக்கச் சட்டமாகிறதே, அது மாதிரி.

ரெயில் டிக்கெட்டும் இப்படித்தான். 1985 முதல் டெல்லியில் கம்ப்யூட்டர் வழியாகப் படுக்கை பதியத் தொடங்கினார்கள். படிப்படியாக மற்ற நகரங்களுக்கும் வந்தது. அன்று கவுண்டர் ஜன்னல்தான் ஒரே கூடம். 2002-இல் இணையத்தில் டிக்கெட் வந்தது. பிற்பாடு கைபேசியிலும் வந்தது. வாசல்கள் பெருகிவிட்டன. ஆனாலும் எழும்பூரில் கியூவில் நிற்பவருக்கும் மாம்பலத்தில் ஈஸிசேரில் சாய்ந்தபடி போனைத் தட்டுபவருக்கும் ஒரே படுக்கையை விற்றுவிடாமல் இருக்க வேண்டும். எத்தனை வாசல் வைத்தாலும் படுக்கைக் கணக்குக்கு ஒரே பேரேடு இருந்தால்தான் அது நடக்கும். தீபாவளிக்கு முந்தின வாரம் டிக்கெட் கிடைக்காதது வேறு விஷயம். அதற்கு எந்த அடுக்கும் பொறுப்பல்ல.

சௌகரியம் இவ்வளவு இருக்கிறது. அசௌகரியமும் இதிலேதான் ஒளிந்திருக்கிறது. ஒவ்வோர் அடுக்கும் தனக்குக் கீழே உள்ளதைக் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறது. பாட்டி பின்கட்டுக்குப் போய்ப் பார்ப்பதில்லை. மருமகள் சொன்னதுதான் வேதம். பேரன் பாட்டியைக் கேள்வி கேட்பதில்லை. ஆகையால் பின்கட்டில் ஒரு சின்னப் பிசகு இருந்தால், அது நடுக்கட்டுக்கு வரும்போது தீர்மானமாகி, முதல் கட்டுக்கு வரும்போது உத்தரவாகிவிடுகிறது. வாசலில் நிற்பவள் கண்ணுக்குத் தெரிவது உத்தரவு ஒன்றுதான்.

மேட்டூர் அணை 1934-இல் கட்டி முடிந்தபோது பல கிராமங்கள் தண்ணீருக்குள் போயின. அணையில் நீர் நன்றாக இறங்கும் வருஷங்களில் பண்ணவாடிப் பக்கம் பழைய கோயில் நந்தியின் தலை வெளியே தெரியும். மற்றக் காலங்களில் படகில் போகிறவர்களுக்குத் தண்ணீர்தான் தெரியும், அடியில் ஓர் ஊர் இருப்பது தெரியாது. பின்கட்டுப் பேரேடுகளும் அப்படி. பிசகு ஏற்படும்போதுதான் தலை தெரிகிறது.

இப்போது நம் அம்மாளின் கணக்கைப் போடுவோம். வருஷத்துக்கு 3,600 யூனிட் என்றால் மாதத்துக்கு 300. மின்சாரக் கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை எடுப்பதால், ஒரு தடவைக்கு 600. அவள் இருப்பது மாமனார் கட்டின வீடு. மாமனாரும் மாமியாரும் முன் அறையில். மூத்த மகன் குடும்பம் ஒரு பக்கம். இவள் புருஷன் குடும்பம் ஒரு பக்கம். அடுப்பு மூன்று, ரேஷன் அட்டை மூன்று, மீட்டர் மட்டும் ஒன்று, மாமனார் பெயரில். ஒவ்வொரு குடும்பமும் இரண்டு மாதத்துக்கு 220 யூனிட் செலவழித்தால் மொத்தம் 660. வருஷத்துக்கு 3,960. எல்லையைத் தாண்டியாயிற்று. தனியே பார்த்தால் அவள் குடும்பத்தின் செலவு 1,320 யூனிட். எல்லையில் பாதிகூட இல்லை!

யார் பொய் சொன்னார்கள்? மீட்டர் பொய் சொல்லவில்லை. விதியை எழுதியவர் வசதியான வீட்டை விலக்க ஓர் அடையாளம் தேடினார். அதிலும் பிழை சொல்ல முடியாது. விதி "குடும்பம்" என்று கேட்டது. பேரேடு "இணைப்பு" என்று பதில் சொன்னது. மின்சாரப் பேரேடு ஏற்பட்டதே கட்டணம் வசூலிக்கத்தான். வீட்டுக்குள் எத்தனை அடுப்பு எரிகிறது என்று அதற்கு என்ன கவலை? நடுக்கட்டுக்கும் பின்கட்டுக்கும் இடையில் உள்ள நடையில், ஒரு வார்த்தைக்கு இரண்டு அர்த்தம் ஏற்பட்டு, 1,000 ரூபாய் அங்கே விழுந்துவிட்டது. கூட்டுக் குடித்தனம் என்றால் என்னவென்று தெரிந்த யாராவது ஒருவர் விதி எழுதும் மேஜையில் உட்கார்ந்திருந்தால் முன்கூட்டியே சொல்லியிருப்பார் என்பது என் அபிப்பிராயம். அதற்குப் பெரிய படிப்பு வேண்டாம்; ஒரு மருமகளாக இருந்திருந்தால் போதும்.

ஆகையால் இ-சேவைப் பையனோடு சண்டை போட்டுப் பிரயோஜனமில்லை. அவன் கூடத்துப் பேரன். மின்சார ஆபீசுக்குப் போனாலும் பயனில்லை. அங்கே கணக்குச் சரி. அவள் போக வேண்டியது, நடுக்கட்டுத் தீர்மானத்தை மாற்ற அதிகாரம் உள்ள மனிதரிடம். 2023-இல் அந்த வழியைத் திறந்து வைத்திருந்தார்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும். குறுஞ்செய்தி வந்து 30 நாளைக்குள் இ-சேவை மையம் மூலம் வருவாய்க் கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு செய்யலாம் என்றார்கள். மூன்று ரேஷன் அட்டையின் நகலும் ஒரே கரண்டு அட்டையின் நகலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால், யந்திரத்துக்குப் புலப்படாதது மனிதருக்கு ஒரு நிமிஷத்தில் புலப்படும். அந்த வருஷம் நவம்பரில், மேல்முறையீடு செய்தவர்களில் ஏழு லட்சத்துக்கும் அதிகமானவர்களைப் புதிதாகச் சேர்த்தார்கள். ஏழு லட்சம் "மாட்டேன்"கள் "சரி" ஆயின! காரணத்தைக் குறுஞ்செய்தியில் சொன்னது எவ்வளவு நல்ல காரியம் என்று பாருங்கள். "ஏற்கப்படவில்லை" என்று மட்டும் வந்திருந்தால் அவள் எந்தக் கட்டில் போய் எதைக் கேட்பாள்?

எல்லாப் பிசகும் நடுக்கட்டில் இருப்பதில்லை. ரேஷன் அட்டையில் பெயரின் எழுத்து ஆதாரில் உள்ளதோடு பொருந்தாவிட்டால் அது பின்கட்டுப் பிசகு. அட்டையைத்தான் திருத்த வேண்டும், மேல்முறையீடு பண்ணி லாபமில்லை. முகாமில் ஓர் எண்ணைத் தப்பாகத் தட்டியிருந்தால் அது கூடத்துப் பிசகு. "திரையில் என் விவரம் என்ன பதிவாகியிருக்கிறது, வாசித்துச் சொல்லுங்கள்" என்று கேட்டாலே பாதி வெளிவந்துவிடும். பாங்கியிலும் காஸ் ஏஜென்சியிலும்கூட இதைக் கேட்கலாம். கூச்சப்பட ஒன்றுமில்லை.

விசித்திரமான பிசகு ஒன்று 2023 செப்டம்பரில் நடந்தது. உரிமைத் தொகை கணக்கில் விழுந்த கையோடு, குறைந்தபட்ச இருப்பு வைக்கவில்லை என்று சில பாங்கிகள் அதிலேயே பிடித்தம் செய்துகொண்டன. பாங்கியின் வீட்டில் வேறொரு பாட்டி, வேறொரு சட்டம்: கணக்கில் பணம் வந்தால் பழைய பாக்கியை முதலில் எடுத்துக்கொள். வந்த பணம் எதற்காக வந்தது என்று அந்த நடுக்கட்டுக்கு யாரும் சொல்லி வைக்கவில்லை. பிடிக்கக் கூடாது என்று சர்க்கார் சொல்ல வேண்டியதாயிற்று. இரண்டு வீடுகள் சம்பந்தம் செய்துகொண்டால் இரண்டு வீட்டு ஆசாரமும் இடித்துக்கொள்வது நமக்குப் புதிதல்லவே!

இதையெல்லாம் கட்டுகிறவர்களும் எதிர்பார்க்காமல் இல்லை. வாசலிலிருந்து பத்தாயம் வரை எல்லாக் கதவும் திறக்கிறதா என்று ஒத்திகை பார்த்துக்கொள்வார்கள். தொகை போடுவதற்கு முன்னால் 2023 செப்டம்பரில் பயனாளிகளின் கணக்குகளுக்கு ஒரே ஒரு ரூபாய் அனுப்பிப் பார்த்தார்கள். கணக்கு எண் சரியா, உயிரோடு இருக்கிற கணக்கா, பணம் போய்ச் சேருகிறதா என்று தெரிந்துகொள்ள அந்த ஒரு ரூபாய் முன்னால் நடந்து போயிற்று. உங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மாளின் பாஸ் புத்தகத்தை அவள் காட்டினால் புரட்டிப் பாருங்கள். 1,000 என்ற வரிக்கு ஒரு வரி மேலே 1 என்று அச்சாகியிருக்கக் கூடும்.